சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் வீடு

அருளு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம். "ஆமான்னாவது சொல்லுங்க, இல்லைன்னாவது சொல்லுங்கம்மா. திங்கக்கிழமை அவுகளுக்கு நான் பதில் சொல்லியாகணும்" என்று இரைந்துவிட்டு வைத்துவிட்டாய். நீ செய்திருக்கிற கேமில் எந்த வீட்டுக்குப் போனாலும், பேசி முடித்ததும் 'போயிட்டு வாரேன்' என்று ஒரு பட்டன் வரும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் அது வராது. அங்கேயும் அதைப் போட்டால்தான் வெளியிடுவோம் என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள்; போடவா, வேண்டாமா? இவ்வளவுதான் உன் கேள்வி. நான் காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். விடையை மட்டும் எழுதி நீட்டினால் பாதி மார்க்குதான் போடுவேன், வழிமுறை எங்கே என்று கேட்பேன். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். அதனால் வழிமுறையோடு எழுதுகிறேன். எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். கடைசிப் படத்தை முதலில் திறக்காதே. நீ திறப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நீ கேமில் உட்கார்ந்தால் மெயின் சுவிட்சை அணைத்தவள் நான். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. அன்று அணைக்காமல் விட்டிருந்தால் நீ பிளஸ் டூ தேறியிருக்க மாட்டாய் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். "ஐயோ, சேவ் பண்ணலம்மா!" என்று நீ கத்துவாய். உன் அப்பா உனக்குப் பரிந்துகொண்டு வருவார். ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கவுன்ட்டர் வேலை முடிந்து வந்ததும், கைலியைக் கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். திரையில் ஒருவன் குதிரையில் போய்க்கொண்டிருப்பான். "இவன் எங்குட்டுடா போறான்? இவனுக்கு வீடு வாசல் இல்லையா? சாப்பிட்டானா?" என்று கேட்டு உன் உயிரை எடுப்பார். நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்பா, அவன் நான்தான். எனக்குப் பசிக்கலை" என்பாய். அந்த ஒரு வாக்கியத்தை நான் அடுப்படியிலிருந்து கேட்டுச் சிரித்திருக்கிறேனே ஒழிய, அதில் ஒரு வித்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வேறு ஒருத்தனாக மாறி அவன் பசியைக்கூட உன்னுடையதாக நினைப்பது சின்ன விஷயமா என்ன.

பெங்களூரில் கிடைத்த நல்ல வேலையை விட்டுவிட்டு, பிரசாந்தும் நீயும் இன்னும் சில பையன்களும் சேர்ந்து கேம் செய்யப் போகிறோம் என்று நீ சொன்ன அன்று நான் சாப்பிடவில்லை. சர்ச்சில் பூசைக்குப் போன இடத்தில், "மகன் என்ன பண்ணுறாக டீச்சர்?" என்று கேட்டவர்களிடமெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். இப்போது கேட்டுப் பார். என் மகன் ஒரு ஊரையே கட்டியிருக்கிறான், கானாடுகாத்தான் மாதிரி ஒரு ஊர், தெருவுக்குத் தெரு பெரிய பெரிய வீடு, பாதி வீடு பூட்டிக் கிடக்கும், அதில் கரண்ட் ரீடிங் எடுக்க வருகிற செல்வி என்ற பெண்ணாக நீங்கள்தான் நடக்க வேண்டும், நீங்கள் பேசுகிற விதத்துக்குத் தகுந்தபடி ஊர் உங்களிடம் நடந்துகொள்ளும் என்று நான் விளக்க ஆரம்பித்தால் அடுத்த பூசை மணி அடித்துவிடும். பங்குக் கோயில் பெண்கள் என்னைக் கண்டால் இப்போது வேறு பக்கமாகப் போகிறார்கள்.

கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிரசாந்தையும் கூட்டிக்கொண்டு வந்தபோது ஹாலில் டிவியோடு அதை இணைத்து என் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தாயே, நினைவிருக்கிறதா? முதல் வீட்டு வாசலிலேயே நான் நின்றுவிட்டேன். "என்னம்மா, உள்ள போங்க" என்றாய். "செருப்பை எப்படிடா கழட்டுறது?" என்று கேட்டேன். நீயும் பிரசாந்தும் முழித்தீர்கள். கதவின் கொண்டியில், பித்தளைக் குமிழில், தரையின் பூப்போட்ட டைல்ஸில் ஒவ்வொன்றாக அவ்வளவு வேலை செய்திருந்தீர்கள். ஆனால் அந்தத் தரையில் அந்தப் பெண் செருப்போடு திபுதிபுவென்று நடந்தாள். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். "இந்தப் பிள்ளையை வளத்தவ யாருடா?" என்று கேட்டேன். மறுநாளே அந்தப் பெண் எந்த வீட்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனாள். கழற்றாமல் போக வழியே கிடையாது. அதை ஒரு கட்டுப்பாடு என்று யாரும் குறை சொல்லவில்லை என்று நீ பிறகு சொன்னாய். நம் ஊர்க்காரர்களுக்குக் கால் தன்னால் நின்றதாம்.

அதற்குப் பிறகுதான் கம்பெனிக்காரர்களின் பட்டியல் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் விளையாடலாம் என்ற சர்டிபிகேட் கிடைத்தால்தான் உன் கேமை வெளியிடுவார்களாம். அதற்குச் சாராயக் கடை இருக்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, பிணத்தைக் காட்டக் கூடாது, யாரும் நெடுநேரம் மாரில் அடித்துக்கொண்டு அழக் கூடாது. ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது உன் முகம் செத்துப் போயிருந்தது. திருத்திய கேமை டிவியில் போட்டுக் காட்டினாய். சாராயக் கடைக்கு 'ஜூஸ் கடை' என்று போர்டு மாட்டியிருந்தீர்கள். போர்டு மட்டும்தான் மாறியிருந்தது. ஆட்கள் பழைய ஆட்கள். ஆரஞ்சு ஜூஸைக் குடித்துவிட்டு ஒருவர் வேட்டி அவிழச் சாக்கடையோரம் கிடந்தார். இன்னொருவர் ஜூஸ் டம்ளரோடு அழுது, செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டார். யாராவது கோபத்தில் வாயைத் திறந்தால் 'கீய்ங்' என்று ஒரு சத்தம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். நீ டிவியை அணைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய்.

மாடிக்கு நான் காபி கொண்டு வந்தபோது நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அன்றைக்குத்தான் உன் தொழில் என்ன என்று எனக்கு விளங்கியது. "வெட்டுனதுக்கு எனக்கு வருத்தமில்லம்மா. வெட்டுன இடத்துல, வெட்டச் சொன்ன யாரோ ஒருத்தர் வந்து நிக்கிறது தெரியுது. இம்புட்டு நேரம் செல்வியா நடந்துக்கிட்டு இருந்தவுக, ஜூஸைப் பாத்த உடனே கையில கன்ட்ரோலர் இருக்குன்னு நினைச்சுக்கிறாக. நம்ம ஊரு பாஸ்கு மாதிரி ஆயிருச்சு."

நீ கல்லூரியில் படித்தபோது, உன் அப்பா ஊரில் நடந்த அந்தப் பாஸ்குவைத்தான் சொன்னாய். ஆண்டவருடைய பாடுகளை ஊர்க்காரர்களே வேஷம் கட்டி நடிக்கிற அந்த நாடகத்தில், அந்த வருஷம் நீ ரோமைச் சிப்பாய். அட்டையில் செய்த தலைக்கவசம், தேங்காய் நாரில் முறுக்கிய சாட்டை. புதிதாக வந்திருந்த பங்குச் சாமி நல்ல மனிதர். முந்தின வருஷம் சாயம் பூசிய முதுகைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பயந்து காய்ச்சலில் விழுந்ததைக் கேள்விப்பட்டு, சாயம் வேண்டாம், சாட்டை மேலே படக் கூடாது, யூதாஸ் மேடையில் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாடகத்தை மாற்றி எழுத நேரமில்லாததால், மைக்கில் ஒரு பையனை வைத்துச் சொல்லச் சொன்னார்கள். நீ சாட்டையை ஓங்குவாய், பாதியில் நிறுத்துவாய். மைக்கில், "இப்பொழுது அடிக்கிறார்கள்" என்று வரும். திரும்ப ஓங்குவாய். "மறுபடியும் அடிக்கிறார்கள்." மண் தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏய் சிப்பாயி, அடிக்கிறியா, ஈ ஓட்டுறியா?" என்று கத்தினார். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. உன் அப்பா முன்வரிசையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிலுவையில் தொங்க வேண்டிய மாணிக்கம் மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று நான் பார்த்தது இவ்வளவுதான். மேடையில் நின்ற நீ வேறொன்றைப் பார்த்திருக்கிறாய். அதே கூட்டம், அதே சிரிப்பு. ஆனால் ஆண்டவருடைய சீடர் இராயப்பர் வந்து தீ காய்ந்துகொண்டே, "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்று சொன்னபோது ஒரு பிள்ளைகூட அசையவில்லையாம். அங்கே சாயம் இல்லை, சாட்டை இல்லை, சாமி தடை சொல்ல எதுவுமே இல்லை. ஒரு மனிதன் பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். நம் சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்புகிற மாதிரியே திருப்பினான் என்றாய். இதை ஏன் இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையேம்மா" என்றாய். அது சரிதான்.

அதற்கப்புறம் நீ செய்ததைத்தான் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஜூஸ் கடையைத் தூக்கிவிட்டாய். கடையே இல்லை. ரீடிங் எடுக்கச் செல்வி ஒரு வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டு அக்கா கதவைப் பாதி திறந்து, அந்தப் பாதியையும் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். "அவுகளுக்கு மேலுக்கு முடியலை. நாளைக்கு வாரீகளா?" என்கிறாள். உள்ளே ஒரு சொம்பு உருண்டு விழுகிற சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பை மட்டும் இழுத்துச் சொருகிக்கொள்கிறாள். சர்டிபிகேட் கொடுக்கிறவர்களுக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் பின் தெருவில் அந்தக் கதவை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! எதைச் சொல்லக் கூடாது என்று வெளியூர்க்காரர்கள் உனக்குப் பட்டியல் போட்டார்கள். எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று நம் ஊரில் ஏற்கெனவே ஒரு பெரிய பட்டியல் இருக்கிறது, அதற்குள் இந்தக் குடியையும் கொண்டுபோய் ஒளித்துவைத்துவிட்டாய். கெட்ட வார்த்தைக்கும் அப்படித்தான். புருஷன் வாயைத் திறக்கும்போதெல்லாம் பெண்டாட்டி மிக்ஸியைப் போடுகிறாளே, அதற்கு நான் எழுந்து நின்று கை தட்டினேன். கணக்கில் இதை அழகான தீர்வு என்போம். பிள்ளைகள் நோட்டில் அபூர்வமாகத்தான் அதைப் பார்ப்பேன்.

எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டு, கேமில் வருகிற டிக்கெட் மாமா வீட்டில் வந்து நின்றுவிட்டாய். ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனுஷர். செல்வி தினமும் அவர் வீட்டுக்குப் போவாள். ரீடிங் எடுத்து முடித்த பிறகும் அவர் விடமாட்டார், சாப்பிட்டாயா என்பார், எங்குட்டுப் போறே என்பார், தப்புத் தப்பாக வழி சொல்வார். நடுக்கதையில் அவர் இறந்துபோவார். அவரைக் கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி, மாலை போட்டு, சுற்றிப் பெண்கள் விழுந்து அழுகிற மாதிரி நீ முதலில் செய்திருந்தாய். அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்றுவிட்டார்கள். நீ தூங்காமல் இருப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பையன்களுடைய இத்தனை வருஷ உழைப்பு ஒரு சாவு வீட்டில் மாட்டிக்கொண்டு நிற்பதா என்று தோன்றியது. "ஏண்டா இவ்வளவு யோசிக்கிறே? அந்தாளு மகன் வீட்டோட இருக்க ஊருக்குப் போயிட்டாருன்னு சொல்லிட்டு முடிச்சுவிடு. வீட்டைப் பூட்டிப் போடு. நம்ம பக்கம் பூட்டின வீட்டுக்கா பஞ்சம்?" என்றேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அப்பா ஊருக்குப் போயிட்டாகன்னு சொல்லச் சொல்லுறீகளாம்மா?" என்றாய்.

எனக்கு அதுவரை தெரியாது, அருளு. அவர் ரயில்வேக்காரர் என்று தெரியும், தப்பாக வழி சொல்வார் என்று தெரியும். டிவியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். அது உன் அப்பா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த மனுஷர் தலைமுடியை முழுக்க நரைக்கவிட்டிருந்தாய், அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது. உன் அப்பா அந்த வயதுவரை இருக்கவில்லையே.

நீ மறுபடியும் பெங்களூர் போனாய். இந்த முறை நீ போனில்கூட அதிகம் பேசவில்லை. முடித்துவிட்டு, விளையாடிப் பாருங்கள் என்று ஒரு வரி மட்டும் அனுப்பினாய். நான் மதியம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். செல்வி டிக்கெட் மாமா வீட்டுத் தெருவுக்குள் திரும்புகிறாள். வாசலில் சாமியானா. சிவப்பு நாற்காலிகள். வாசல் நிறையச் செருப்பு, ஆம்பளைச் செருப்பு, பொம்பளைச் செருப்பு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் செருப்பு. அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. செல்வி தன் செருப்பையும் அதற்குள் விட்டுவிட்டு உள்ளே போகிறாள். நடு வாசலைத் தாண்டி உள் அறைக்கு ஒரு திரை தொங்குகிறது, அதற்கு அப்பால் நம்மை விடவில்லை. தெரிந்த முகங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. சொம்பு உருண்ட வீட்டு அக்கா இருக்கிறாள், மிக்ஸி அக்கா இருக்கிறாள். மாமாவின் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், அவள் செல்வியின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "கடைசியா, சாப்பிட்டுட்டேன்னுதான் சொன்னாக" என்கிறாள். வேறு பேச்சில்லை. நான் திரையின் கீழே வருகிற 'போயிட்டு வாரேன்' பட்டனைத் தேடினேன். வரவில்லை.

நம் பக்கத்தில் துக்க வீட்டிலிருந்து யாரும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்புவது கிடையாது. அந்த வீட்டுக்குத் திரும்ப அதே காரியத்துக்கு வரக் கூடாது என்று ஒரு நினைப்பு. நாம் வேதக்காரர்கள், செபமாலை சொல்லி அனுப்புகிறவர்கள்; ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் ஊரோடு சேர்ந்தவர்கள்தான். அதை யாரும் உனக்குச் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. உன் அப்பாவைக் கிடத்தியிருந்த அன்று நீ வாசல் கதவோரம் உட்கார்ந்திருந்தாய். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனார்கள். உன்னோடு பெங்களூரிலிருந்து வந்திருந்த பிரசாந்துக்கு அது தெரியாது. கன்னடக்காரப் பிள்ளை. என் முன்னால் வந்து, சொல்லிக்கொள்வதற்காக நின்றான். நான் நிமிரவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தான். நம் தெருக்காரர்கள் எழுந்து போவதைப் பார்த்தான். பிறகு அவனும் அப்படியே திரும்பிப் போனான். தெருமுனை வரை போய், யார் வீட்டுச் சுவரிலோ சாய்ந்து நின்று அழுதானாமே, நீதான் சொன்னாய். தன் அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை என்றானாம்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டில் விளையாடிப் பார்த்தவர்கள், அந்த வீட்டில் கேம் கெட்டுப்போய் நின்றுவிட்டது, பட்டன் காணவில்லை என்று புகார் எழுதியிருக்கிறார்கள். செருப்பு கழற்றுவதைப் பொறுத்துக்கொண்டார்கள், பாதிக் கதவைப் பொறுத்துக்கொண்டார்கள், இது மட்டும் அவர்களுக்குப் புரியவில்லை. சர்டிபிகேட்காரர்கள் சரி என்று சொல்லிவிட்ட பிறகும், கம்பெனி உன்னை விடவில்லை. முன்பு எடு எடு என்றவர்கள் இப்போது போடு என்கிறார்கள். நீ இன்னொரு யோசனையும் சொன்னாய்: தமிழ் ஆட்களுக்குப் பட்டன் இல்லாமல், மற்றவர்களுக்குப் பட்டனோடு கொடுத்துவிடலாமா என்று. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அதைச் சொல்லும்போது உன் குரல் இறங்கிப்போனதை நான் கவனித்தேன்.

நீயே இன்னொன்றும் படித்துக் காட்டினாய், படித்துவிட்டு அதை மறந்துவிட்டாய். பனி விழுகிற ஏதோ ஊரிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாளே. பட்டன் இல்லை என்று அவளும் முதலில் எரிச்சல்பட்டிருக்கிறாள். எல்லா இடத்திலும் அழுத்திப் பார்த்திருக்கிறாள். பிறகு சும்மா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து பார்க்கையில், பக்கத்தில் இருக்கிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் போகிறார்கள். சரி என்று அவளும் எழுந்து நடந்திருக்கிறாள். வாசலில் அந்தச் செருப்புக் குவியலில் தன் செருப்பைத் தேடும்போது தனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். அருளு, பிரசாந்துக்கு நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கும் யாரும் சொல்லவில்லை. எழுந்து போகிறவர்களை நீ அவ்வளவு சரியாகப் போக வைத்திருக்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் விளங்கும், கொஞ்சம் பொறுமைதான் வேண்டும். புகார் எழுதியவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

திங்கள்கிழமை அந்தக் கம்பெனிக்காரர்களிடம் அந்தப் பெண்ணின் கடிதத்தையே காட்டு. அவர்கள் அதற்கும் இறங்கி வராவிட்டால் வேறு கம்பெனி பார். உன்னோடு இருக்கிற பையன்களிடம் முதலில் கேட்டுக்கொள், அவர்கள் உழைப்பும் இதில் இருக்கிறது. பிரசாந்த் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். பட்டனைப் போடாதே. தமிழ் ஆட்களுக்கும் வேண்டாம், யாருக்கும் வேண்டாம்.

விடை சொல்லிவிட்டேன், வழிமுறையில் ஒரு வரி மிச்சம் இருக்கிறது. அதைப் போனில் சொல்ல என்னால் முடியாது, அதற்காகத்தான் இத்தனை பக்கம். அன்று உன் அப்பா கிடந்த வீட்டிலிருந்து எல்லாரும் எழுந்து போனார்கள். என் தங்கச்சி போனாள், பங்குச் சாமி போனார், ஸ்டேஷன்காரர்கள் போனார்கள், நீயும் லீவு முடிந்து போனாய். போக முடியாதவள் நான் ஒருத்திதான். அது என் வீடு, நான் எங்கே போவேன்? டிக்கெட் மாமாவின் மனைவி மாதிரி நானும் சுவரில் சாய்ந்தபடியேதான் இத்தனை நாளும் இருந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சமைத்தேன், பூசைக்குப் போனேன், டியூஷன் எடுத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று மதியம் உன் கேமில் பட்டனைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, அந்த அம்மாளின் கையிலிருந்து செல்வியின் கையை எடுத்தேன். எழுந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தேன். என் செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். தெருவில் வெயில் அடித்தது. டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் அந்த வீட்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன், தம்பி. நீதான் என்னைக் கூட்டி வந்தாய்.

அம்மா